நெய்யில் சுட்ட முறுக்கு

ஒரு காட்டில், ஆற்றங்கரைப் புற்றொன்றில் இரண்டு கீரிகள் குடியிருந்தன. கணவன் பெயர் தவசி, மனைவி பெயர் பூவி. தவசி சாப்பாட்டுப் பிரியன். வடை, பஜ்ஜி, முறுக்கு என்று எண்ணெயில் மிதந்து வரும் எதையும் விடமாட்டான்.

ஒருநாள் காலை கழுகு ஒன்று தாழப் பறந்து வந்தது. பூவி சட்டென்று புற்றுக்குள் புகுந்துவிட்டாள். பின்னாலேயே தவசியும் பாய்ந்தான். தலை நுழைந்தது, தோள் நுழைந்தது, வயிறு நுழையவில்லை!

"இழு பூவி, இழு!"

பூவி காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். தவசி உள்ளே வந்து விழுந்தான். ஆனால் அவன் வால் மயிரில் பாதி கழுகின் நகத்தோடு போய்விட்டது.

"நாளைக்கே வாசலை அகலமாக வெட்டிவிடுகிறேன்" என்றான் தவசி, மூச்சு வாங்கியபடி.

"அகலமாக வெட்டினால் நீங்கள் மட்டுமா வருவீர்கள்? நரியும் வரும். உங்கள் வயிற்றைக் குறைக்கப் பாருங்கள்" என்றாள் பூவி.

தவசிக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே சந்தைக்குப் போனான். அங்கே புங்க மரத்தடியில் ஒரு குரங்கு பலகாரக் கடை போட்டிருந்தது.

"கடைக்காரரே, நான் உடம்பு இளைக்க வேண்டும். ஆனால் நாக்கு சும்மா இருக்காதே, என்ன செய்வது?"

"கவலையை விடுங்கள்!" என்றது குரங்கு. "இந்த முறுக்கில் துளி எண்ணெய் கிடையாது. ஆசை தீரச் சாப்பிடுங்கள்."

முன்பு நாளுக்கு நான்கு முறுக்கு தின்ற தவசி, இப்போது பத்து தின்றான். பூவி முறைத்தால், "எண்ணெய்தான் இல்லையே!" என்பான்.

இரண்டு வாரம் ஆயிற்று. வயிற்றில் சிக்கியவன் இப்போது மார்பிலேயே சிக்கினான். தினமும் இழுத்து இழுத்துப் பூவிக்குக் கை வலித்தது. 'நான் வீட்டில் இல்லாத நேரம் கழுகு வந்தால்?' என்று அவள் பயந்தாள்.

முறுக்கு கட்டிவந்த தேக்கிலையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இலை பளபளவென்று ஊறிப்போயிருந்தது. தவசியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"எண்ணெய் இல்லை என்றீர்களே, இலை ஏன் இப்படி இருக்கிறது?"

குரங்கு கொஞ்சமும் கூசவில்லை. "நான் பொய் சொல்லவில்லை அம்மா. இதில் எண்ணெய் இல்லைதான். எல்லாம் சுத்தமான நெய்யில் சுட்டது!"

தவசி தலையைக் குனிந்துகொண்டான். இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியில் பூவி சொன்னாள்:

"உங்களை மட்டும் சொல்லி என்ன? நானும் எண்ணெய்ப் பானையை அப்படியே சட்டியில் சாய்க்கிறவள்தான்."

மறுநாள் முதல் அவள் கரண்டியால் அளந்துதான் எண்ணெய் ஊற்றினாள். வடைக்கு அரைத்த மாவை ஆவியில் வேகவைத்தாள். பயறு சுண்டல் செய்தாள்.

"வாய்க்கு விளங்கவில்லை" என்று முதல் நாள் முனகினான் தவசி. பூவி மிளகையும் மல்லித்தழையையும் கொஞ்சம் கூட்டினாள். நான்காம் நாள் அவன், "இன்னும் கொஞ்சம் வை" என்று தட்டை நீட்டினான்.

மழைக்காலம் வருவதற்குள் தவசி யாரும் இழுக்காமலே வாசலில் நுழைந்து வந்தான். பூவி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அடுத்த சந்தையில் குரங்கு அவர்களைப் பார்த்துக் கை தட்டி அழைத்தது. "வாருங்கள், புது அல்வா! இதில் நெய்யே கிடையாது!"

"சரி" என்றான் தவசி. "வேறு என்னதான் இருக்கிறது?"

குரங்கு தலையைச் சொறிந்தது. கடைக்கு வந்திருந்த முயலும் மானும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, "ஆமாம், என்ன இருக்கிறது?" என்று கேட்டன. தவசியும் பூவியும் பயறு வாங்கப் பக்கத்துக் கடைக்கு நடந்தார்கள்.

நீதி: உணவில் என்ன இல்லை என்று பிறர் சொல்வதைக் கேட்டு மயங்காதே, என்ன இருக்கிறது என்று நீயே பார்த்து வாங்கு.