அப்புறம் அஞ்சலை

ஒரு மலை, அந்த மலைக்குக் கீழ ஒரு ஊர், அந்த ஊர்ல ஒரு அஞ்சலை. தனியா இருந்தா. ஊர்ல இன்னொரு அஞ்சலையும் இருந்ததால இவளுக்கு 'அப்புறம் அஞ்சலை'ன்னு பேரு வச்சுட்டாங்க. ஏன் தெரியுமா?

"ஏன்?"

எதுக்கெடுத்தாலும் அப்புறம்னு சொல்லுவா. "ஏ அஞ்சலை, உன் கூரை ஒழுகுதே"ன்னா, "அப்புறம் பாத்துக்கலாம்." சொட்டு சொட்டுன்னு தலையில விழும், பாயை இந்தப் பக்கம் நகத்திப் போட்டுப் படுத்துக்குவா. "கதவுல கொண்டி இல்லையேடி?" "அப்புறம்." சோம்பேறி இல்ல கண்ணு. இன்னும் நாள் நிறைய கிடக்குன்னு ஒரு நெனப்பு. பானை நிறைய அரிசி இருந்தா அளக்காம அள்ளிப் போடுவோம்ல, அந்த மாதிரி.

அவங்க அம்மா மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ல இருந்தாங்க. தள்ளாத காலத்துல ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாங்க: "என்னைப் பாத்துக்க வேணாம்டி. ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போனாப் போதும்." அஞ்சலை, "மழை விடட்டும், அப்புறம் போவோம்"னு இருந்தா. மழை விட்டுச்சு. அம்மா அந்த அப்புறம் வரைக்கும் இருக்கல.

"ம்."

அப்புறம், அவ பக்கத்து வீட்டுக்கு ஒரு டாக்டரம்மா குடி வந்தாங்க. மனுசங்களுக்கு இல்ல, ஆடு, மாடு, கழுதைக்கு வைத்தியம் பாக்கிற டாக்டரம்மா. கடல் தாண்டி வந்தவங்க, பேரு எஸ்தர். அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ், வா, போ, அம்மா, குட்டி, நல்லா. அஞ்சலைக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ், பஸ்ஸு, பாட்டிலு, பக்கெட்டு. இத வச்சுக்கிட்டே ரெண்டு பேரும் வேலிக்கு ரெண்டு பக்கம் நின்னு சிரிச்சுப் பேசிக்குவாங்க.

அந்த ஊர்க் கழுதைங்க மலைமேல மூட்டை சுமக்கும். அந்த வருசம் காட்டாத்துல தடதடன்னு வெள்ளம் வந்து ஒரு தாய்க்கழுதையை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. குட்டி மட்டும் கரையில நிக்குது. காது ரெண்டும் பெருசு, கால் நாலும் குச்சி. டாக்டரம்மா அதத் தூக்கிட்டு வந்து பாட்டில்ல பால் குடுத்தாங்க. சப்பு சப்புன்னு குடிக்கும், குடிச்சிட்டு அவங்க சட்டையில மூக்கைத் துடைக்கும்.

"கழுதைக்குட்டி எப்படிக் கத்தும்?"

ஈஈ... ஹா. ஈஈ... ஹா. மெதுவா சிரி, தூக்கம் போயிடும்.

அப்போ ஒரு நாள் காலையில ட்ரிங் ட்ரிங்னு டாக்டரம்மா வீட்ல போன் அடிச்சுது. அவங்க தலை கூட வாரல. பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க, ரோட்ல பஸ் பாம் பாம்ங்குது. குட்டியோட கயித்தையும் பால் பாட்டிலையும் அஞ்சலை கையில திணிச்சாங்க. "அம்மா, அஞ்சலை, அம்மா..." அப்படீன்னு தூர தேசத்துப் பக்கம் கையைக் காட்டினாங்க. கண்ணெல்லாம் தண்ணி. அப்புறம் குட்டியைக் காட்டி, "லுக் ஆஃப்டர் ஹிம்! ப்ளீஸ், லுக் ஆஃப்டர் ஹிம்!"னு சொல்லிட்டு ஏறிட்டாங்க. டுர்ர்ர்னு பஸ் போயிடுச்சு.

அஞ்சலை கயித்தோட நிக்கிறா. அம்மாவுக்கு என்னமோன்னு அந்தம்மா ஓடுறாங்கன்னு புரிஞ்சுது. புரிஞ்சதும் நெஞ்சுக்குள்ள ஒரு முள்ளு. ஆனா அந்த லுக் ஆஃப்டர் மட்டும் புரியல.

நேரா தையல்கார மாசிலாமணிகிட்ட போனா. அவர் மிஷினை கடகடன்னு மிதிச்சுக்கிட்டே சொன்னார்:

"லுக்குன்னா பாரு. ஆஃப்டர்னா அப்புறம். அப்புறம் பாருன்னு அர்த்தம். மருந்து குடுத்திருப்பாங்க தாயி. இப்போ தொடாத, அப்புறம் பாரு. உனக்குச் சொல்லியா குடுக்கணும்? உன் பேரே அதானே!"

கடையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அஞ்சலையும் சிரிச்சா. தனக்கு வாகான அர்த்தம்தானேன்னு குட்டியைத் தூண்ல கட்டிட்டு, பாட்டிலை மாடத்துல வச்சிட்டா. குட்டி பாட்டிலையே பாக்குது. ஈஈ... ஹா. "இருடா, டாக்டரம்மா அப்புறம்னு சொல்லியிருக்காங்க." ஈஈ... ஹா. மத்தியானம் ஆச்சு. அப்புறம் எப்ப வரும்னு அவளுக்கும் தெரியல, குட்டிக்கும் தெரியல.

"பாவம்."

பாவம்தான். அப்போ, பங்களாவுல ஒரு காலத்துல வேலை பாத்த பச்சையம்மாகிட்ட ஓடினா.

"எக்கா, டாக்டரம்மா குட்டியைக் காட்டி லுக் ஆஃப்டர்னாங்க, மாசிலாமணி அண்ணே அப்புறம் பாருங்கிறாரு. ஆஃப்டர்னா என்னக்கா?"

"அதாடி? பின்னாடி! நரி கோழியைத் தூக்கிட்டு ஓடும்போது எங்க தொரை நாயைப் பாத்து 'ஆஃப்டர் ஹிம், ஆஃப்டர் ஹிம்'னு கத்துவாரு. நாய் பின்னாடியே ஓடும். மாசிலாமணிக்கு இங்கிலீஷ் ஜிப்பு வைக்கிற அளவுக்குத்தான் தெரியும். பின்னாடி பாருன்னு சொல்லியிருக்காங்க. வாலுப்பக்கம் புண்ணு கிண்ணு இருக்கும், போய்ப் பாரு."

அஞ்சலை வந்து குட்டிக்குப் பின்னால குனிஞ்சா. வாலைத் தூக்கிப் பாத்தா. டமார்!

"உதைச்சிடுச்சா?"

உதைச்சுது. ஆனா குச்சிக்கால் பாரு, உதைச்ச வேகத்துல அதுவே பொத்துனு விழுந்துடுச்சு. விழுந்தது எந்திரிக்கல. கண்ணு பாதி மூடிக்கிச்சு. ஈஈன்னு மட்டும் வருது, ஹா வரல.

அஞ்சலை, பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டுட்டு வந்துடலாம்னு எந்திரிச்சா. போக முடியல. ஏதோ பிடிச்சு இழுக்குது. குனிஞ்சு பாத்தா, குட்டி அவ முந்தானையை வாயில வச்சுக்கிட்டு சப்பு சப்புன்னு சப்புது. அதுல பால் இல்லன்னு அதுக்குத் தெரியல.

அப்படியே நின்னா. வார்த்தையை விட்டுட்டு, அதைச் சொன்ன குரலை நெனச்சுப் பாத்தா. பஸ் கிளம்புது, கண்ணுல தண்ணி, ஒரு பச்சைக்குட்டியோட கயித்தைக் கையில குடுத்துட்டு ஒருத்தி என்ன சொல்லுவா? 'அப்புறம் பாரு'ன்னு அந்தக் குரல்ல யாராவது சொல்லுவாங்களா? நம்ம ஊர்ல என்ன சொல்லுவோம்?

"பாத்துக்கோன்னு!"

ம். சரியாச் சொன்ன. பாத்துக்கோ. பாருன்னா கண்ணு மட்டும் போதும். பாத்துக்கோன்னா கையும் வேணும், பக்கத்துலயே இருக்கணும். அஞ்சலைக்கு அவங்க அம்மா சொன்னது அன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு. பாத்துக்க வேணாம், பாத்துட்டுப் போ. அம்மா கேட்டது ரெண்டுல சின்னதைத்தான். அதையே அவ அப்புறத்துக்குத் தள்ளிட்டா.

வாத்தியார் வீட்டுக்கு அவ போகல. தன்னோட ஆட்டுல பால் கறந்து, இளஞ்சூடா காய்ச்சி, பாட்டில்ல ஊத்தி, குட்டி தலையை மடியில வச்சுக்கிட்டா. முதல்ல வழிஞ்சுது. தொண்டையை நீவி விட்டா. அப்புறம் ஒரு வாய் உள்ள போச்சு. அப்புறம் இன்னொரு வாய். அப்புறம் சப்பு... சப்பு... சப்பு சப்பு சப்பு.

"ஹா வந்துச்சா?"

விடியும்போது வந்துச்சு. ஈஈ... ஹாஆ! ஊரே எந்திரிச்சிடுச்சு. மாசிலாமணி ஓடி வந்து எட்டிப் பாத்தா, அஞ்சலை கூரை மேல உக்காந்து ஓலை மாத்துறா!

"என்ன தாயி, காலங்காத்தால?"

"குட்டி மேல ஒழுகுது அண்ணே."

அப்புறம் கதவுக்குக் கொண்டி போட்டா, ராத்திரி நரி வரும்ல. இப்படியே குட்டி வளர்ந்துச்சு. கயிறு எங்கயோ போச்சு, அவ போற இடமெல்லாம் டக்கு டக்குனு பின்னாலயே வரும்.

மழைக்காலம் போய்ப் பனி வந்தப்போ, பஸ் வந்து நின்னு டாக்டரம்மா இறங்கினாங்க. இளைச்சிருந்தாங்க. அஞ்சலை ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு, "அம்மா?"ன்னு மட்டும் கேட்டா. அவங்க தெரிஞ்ச தமிழையெல்லாம் தேடிப் பாத்துட்டு, "அம்மா... போ"ன்னாங்க. அப்புறம் தன்னோட கண்ணையும் கையையும் காட்டினாங்க. கடைசி வரைக்கும் கூட இருந்திருக்காங்க. அஞ்சலைக்குப் புரிஞ்சுது. "பாத்துக்கிட்டீங்க"ன்னா. டாக்டரம்மா அந்த வார்த்தையை வாங்கி மெதுவாச் சொல்லிப் பாத்தாங்க, "பாத்து... கிட்டீங்க."

"லுக் ஆஃப்டர்," அப்படீன்னா அஞ்சலை.

டாக்டரம்மா சுத்திமுத்தியும் பாத்துட்டு, "குட்டி?"ன்னு கேட்டாங்க. அஞ்சலை முதுகுக்குப் பின்னாலேர்ந்து ரெண்டு பெரிய காது எட்டிப் பாத்துச்சு. "வா, வா"ன்னு கூப்பிட்டாங்க. வரல. முந்தானையைக் கவ்விக்கிட்டு அங்கேயே நின்னுச்சு. டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே நீட்டின கையை மடக்கிக்கிட்டாங்க. குட்டி அஞ்சலைகிட்டயே இருந்துடுச்சு. பச்சையம்மா மட்டும், "நாந்தான் சொன்னேனே, ஆஃப்டர்னா பின்னாடின்னு"ன்னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுறா.

"அப்புறம்?"

அப்புறம் ஒண்ணும் இல்ல. அஞ்சலை தூங்கிட்டா, குட்டி தூங்கிடுச்சு, கதையும் கொண்டி போட்டுக்கிட்டு உள்ள போயிடுச்சு. நீயும் கண்ணை மூடு. நான் பாத்துக்கிறேன்.