கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்த குடும்பப் படம்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்று கொட்டாம்புதூர்க்காரர்கள் மொத்தமாகப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து கேட்டால், தீர்ந்துபோச்சு என்று பதில் வந்ததாம். சரி, அடுத்த தடவை வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த அடுத்த தடவைக்காக இன்னும் காத்திருக்கிறார்கள்.

அந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் தவசிலிங்கம். அவனுக்கு இரண்டு கூட்டாளிகள். காத்தமுத்து லைட் பிடிப்பான். அருமைநாயகம் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்வான். தான் ஒரு முட்டாள் என்பது தவசிக்கு நன்றாகவே தெரியும். அது தெரிந்திருப்பதால் மற்ற இருவரையும்விடத் தான் ஒரு படி மேல் என்ற நினைப்பும் அவனுக்கு இருந்தது. அவனைக் கெடுத்தது அந்த நினைப்புதான்.

தவசிக்குச் செண்பகவல்லி மேல் ஆசை. லேசுப்பட்ட ஆசை இல்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க அவள் ஸ்டூடியோவுக்கு வந்த அன்று, லென்ஸ் மூடியைக் கழற்றாமலே படம் எடுத்தவன் அவன். மறுநாளும் வரச் சொன்னான். மறுநாளும் மூடியைக் கழற்றவில்லை. அவளை மூன்றாம் நாளும் வரவழைக்கத்தான் அப்படிச் செய்ததாகக் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டான். அதுவும் பொய், மறந்துதான் போயிருந்தான்.

செண்பகவல்லியின் அப்பா கோலப்பன் பெரிய குடும்பஸ்தர். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் சொந்தக்காரர்கள் வாசலில் தொடங்கித் தெருமுனை வரை நிற்பார்கள். மூத்த மகள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் மைத்துனரின் பாதி முகம் வெட்டுப்பட்டுப்போனது. அவர் இன்றுவரை இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அடுத்த மகள் கல்யாணப் படத்தில் ஓர் அத்தை, கோலப்பனின் அக்கா, விடுபட்டாள். அவள் தீபாவளிப் பலகாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆகவே பெண் கேட்டு வந்த தவசியிடம் கோலப்பன் சுருக்கமாகப் பேசினார்.

"மாப்பிள்ளை ஆகணும்னா ஒரு படம் எடு. எங்க குடும்பம் மொத்தமும் அதுல வரணும். ஒரு ஆள் விடுபட்டு மனஸ்தாபம் வந்துச்சு, பொண்ணு கிடையாது. வெளியூர்ல வேற ஒரு இடமும் தயாரா இருக்கு, பாத்துக்க."

தவசிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இருந்ததையெல்லாம் விற்று, அகலமாகப் படம் பிடிக்கும் வைட் லென்ஸ் ஒன்றை வாங்கினான். லென்ஸ் வாங்கினால் அதன் முன்னால் போட பில்டர் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்ல, மூவரும் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று கண்ணாடி வளையங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது வெறும் கண்ணாடி. லென்ஸ்ல தூசி, கீறல் விழாமக் காப்பாத்தும். இது போலரைசர். மினுமினுப்பை எடுத்துட்டு வானத்தை நல்ல நீலமாக் காட்டும். ஆனா சூரியன் உங்க தோள்பக்கம் இருக்கணும். இது கறுப்புக் கண்ணாடி. வெளிச்சத்தைக் குறைக்கும். அருவியைப் பால் மாதிரி எடுக்கலாம். நடமாடுறது எதுவும் பதியாது, கோயில் வாசல்ல எடுத்தாக்கூடக் கூட்டத் தொந்தரவே இருக்காது. ஆனா கேமராவை ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். அதுவரைக்கும் கேமரா இம்மிகூட அசையக் கூடாது."

"இதுல எது வாங்கணும்?" என்றான் தவசி.

"வைட் லென்ஸுக்கு ஒண்ணுக்கு மேல போடாதீங்க. அடுக்கினா படத்தோட நாலு மூலையும் கறுத்துடும். ஒரு ஆளுக்கு ஒண்ணு போதும்."

மூவரும் கடைக்கு வெளியே நின்று யோசனை செய்தார்கள்.

"எனக்கு வெறும் கண்ணாடிதான் பிடிச்சிருக்கு. அதுக்குள்ள ஒளிவு மறைவே இல்ல," என்றான் காத்தமுத்து.

"எனக்கு நீல வானம் வேணும். கோலப்பன் வீட்டுல சிரிக்கிற ஆள் கிடையாது, வானமாவது சிரிக்கட்டும்," என்றான் அருமைநாயகம்.

தவசிக்குக் கறுப்புக் கண்ணாடிதான் மனதில் நின்றது. கோலப்பன் குடும்பத்தைப்போலத் தொந்தரவு பிடித்த கூட்டம் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. கூட்டத் தொந்தரவே இருக்காது என்று கடைக்காரர் தன் வாயாலேயே சொல்லிவிட்டாரே! ஆளுக்கு ஒன்று என்று அவர் சொன்னபடியே மூன்று பேரும் மூன்றையும் வாங்கிக்கொண்டார்கள்.

படம் எடுக்கும் நாள் வந்தது. கல்யாண மண்டபத்திலிருந்து பெஞ்சுகள் வந்து இறங்கின. கோலப்பன் குடும்பம் பட்டும் ஜரிகையுமாக வாசலை நிறைத்தது. தண்ணீர் குடிக்காத மைத்துனரும் பலகாரத்தைத் திருப்பியனுப்பிய அத்தையும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

தவசி முதலில் வெறும் கண்ணாடியையும் போலரைசரையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினான். கடைக்காரர் சொன்னது சொன்னபடி பலித்தது. நாலு மூலையும் கறுத்துப்போயிருந்தன.

"மனுஷன் பொய் சொல்லல," என்று அருமைநாயகம் மெச்சினான். "ஆனா மைத்துனரும் அத்தையும் மூலையிலதானே நிக்கிறாங்க?"

"அப்ப மூலையே இல்லாம நிறுத்துவோம்," என்றான் தவசி. பெரியவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, மற்றவர்களைச் சுற்றிலும் வட்டமாக நெருக்கி நிறுத்தினார்கள். ஒருவர் கால்மேல் ஒருவர் நின்றார்கள்.

அடுத்து, சூரியன் தோள்பக்கம் வர வேண்டும். காலையில் அது தவசியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் திரும்பி நின்றால் போதும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. சூரியன் தோளுக்கு வரும்வரை காத்திருந்தான். வந்தபோது அது ஒரு தோளில் இல்லை, நேராக உச்சந்தலையில் இருந்தது. "ரெண்டு தோளுக்கும் பொதுவா நிக்குது," என்று காத்தமுத்து முடிவு சொன்னான். வியர்வையில் அத்தைமார்களின் பவுடர் கழுத்துவரை இறங்கிவிட்டிருந்தது.

மூன்றாவதையும் மேலே மாட்டிவிட்டுக் கேமராவில் கண்ணை வைத்த தவசிக்கு ஒன்றுமே தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி அப்படி. "இருட்டா இருக்குடா," என்றான். காத்தமுத்து உடனே டார்ச் லைட்டைப் போட்டு, நடுவெயிலில் கோலப்பன் முகத்தில் அடித்தான்.

"எல்லாரும் தாராளமா இருங்க!" என்று அருமைநாயகம் கத்தினான். "அசையக் கூடாதுன்னு கேமராவைத்தான் சொன்னாங்க. உங்களை யாரும் ஒண்ணும் சொல்லல!"

தவசி பட்டனை அழுத்தினான். மூவரும் ஸ்டாண்டின் ஆளுக்கொரு காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மைத்துனர், தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் மூத்த மருமகன் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். "எந்திரிப்பா" என்றார். மருமகன் எழுந்து சித்தப்பா இடத்துக்குப் போனார். சித்தப்பா பெரியப்பா இடத்துக்குப் போனார். பெரியப்பா கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அவரைச் சமாதானம் செய்யப் பாதிக் கூட்டம் உள்ளே ஓடியது. மீதிக் கூட்டம், அவர்கள் வருவதற்குள் நல்ல இடம் பிடிக்க அங்கும் இங்குமாக ஓடியது. ஒரு வெற்றிலையை மென்று துப்பும் நேரத்துக்கு வாசலில் இருந்தவர் எவரும் இருந்த இடத்தில் இல்லை. கேமரா மட்டும் இம்மியும் அசையவில்லை. தன் வாழ்க்கையில் இப்படி ஒரு காரியத்தைச் சரியாகச் செய்ததே இல்லை என்று தவசிக்குப் பெருமையில் கண் கலங்கியது.

அப்புறம் படத்தைப் பார்த்தான். வானம் நீலமாக இருந்தது. பெஞ்சுகள் இருந்தன. பெஞ்சடியில் தூங்கிக்கொண்டிருந்த தெருநாய் ஒன்று, ஒவ்வொரு முடியும் தெரியும்படி அழகாக விழுந்திருந்தது. கோலப்பன் குடும்பத்தில் ஒரு பொட்டுப் பூச்சியைக்கூடக் காணோம்.

மூவரும் படத்தைப் பார்த்தார்கள். வாசலைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் இங்கதானே நிக்கிறாங்க?" என்றான் காத்தமுத்து.

"அதனாலதான் படத்துல இல்ல," என்றான் அருமைநாயகம் நிதானமாக. "ஒரே ஆள் ரெண்டு இடத்துல எப்படி இருக்க முடியும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கோலப்பனிடம் இதை யார் சொல்வது? அன்று மாலை படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டமும் மாட்டி எடுத்துப் போனான் தவசி. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். ஓடினாலும் எந்தப் பக்கம் ஓடுவது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அதற்கு நேரமில்லை. செண்பகவல்லி கதவோரம் நின்று அவனைப் பார்த்தாள். இன்றோடு இவள் முகத்தைப் பார்ப்பது முடிந்தது என்று அவன் மனசு உடைந்துபோனது.

கோலப்பன் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மச்சான் இதுல இல்லையே?"

"இல்ல மாமா."

"அக்கா?"

"அவங்களும் இல்ல மாமா."

"நான்?"

தவசி தலையைக் குனிந்துகொண்டான். "நீங்களும்தான் மாமா."

கோலப்பன் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப மச்சானை மட்டும் விட்டுட்டோம்னு மச்சான் சொல்ல முடியாது."

"முடியாது மாமா."

"அக்காவும் வாயத் திறக்க முடியாது."

"எப்படித் திறப்பாங்க? படத்துல வாயே இல்லையே."

கோலப்பன் எழுந்து தவசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் குடும்பத்தில் யாருக்கும் பாரபட்சம் இல்லாமல் எடுத்த முதல் படம் அது. கூடத்தில் மாட்டினார்கள். சொந்தக்காரர்கள் மொய்த்துவிட்டார்கள். "இந்த பெஞ்சு ஓரத்துல நான்," என்று அத்தை விரலை வைத்துக் காட்டினாள். "என் தோள் முழுசா விழுந்திருக்கு," என்று மைத்துனர் திருப்திப்பட்டு ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பெரியப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். உயரமான மருமகனுக்குப் பின்னால் நின்றதால் தான் மறைந்துவிட்டதாகச் சொன்னார். அவரையும் சமாதானம் செய்து தாம்பூலத்தட்டை எடுக்கப் போனார்கள்.

அப்போது செண்பகவல்லி முன்னால் வந்தாள். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். தள்ளி நின்றும் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்று பதறினான் தவசி.

"படம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "ஆனா நான் கண்ணை மூடிட்டேனே."

கோலப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உற்றுப் பார்த்தார். மைத்துனர் பார்த்தார். அத்தை பார்த்தாள். ஆமாம், மூடித்தான் இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தாம்பூலத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சுகளைத் திரும்பவும் வாசலுக்குத் தூக்கினார்கள்.