இறங்காத பாலம்

ஒரு மட்டமான வீடியோ கேமை மூன்று பேர் திட்டினார்கள். திட்டியதில் தவறே இல்லை, இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம். யாருடைய திட்டுக்கு வேலை கொடுப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது.

கேமின் பெயர் 'கருங்கோட்டை'. மூன்று வருடம் விளம்பரம் செய்து, அதற்குப் பிறகு இதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போருக்குப் புறப்படும் அரசன் ரேஷன் கடைக்குப் போகிறவனைப் போல நடக்கிறான். ஊரில் நாற்பது பேருக்கு ஒரே முகம். அந்த நாற்பது பேரும் கொட்டுகிற மழையில் நனைந்தபடி, "மழை வரும்போல இருக்கிறது" என்கிறார்கள். யானைப்படை முழங்கால்வரை தரையில் புதைந்து வருகிறது. அதைப் பற்றி யானைகள் உட்பட யாருக்கும் கவலையில்லை.

திருச்சியில் 'மூன்றாம் உயிர்' என்று ஓர் இணைய இதழ். வீடியோ கேம் விமர்சனம் மட்டுமே வெளியிடும். அதன் ஆசிரியர் அமலோற்பவம், ஒரே ஒரு விமர்சகர் வேலைக்கு இதழிலேயே அறிவிப்புப் போட்டிருந்தார்: "கருங்கோட்டையை அதன் முடிவுவரை ஆடிவிட்டு, அதை வாங்கப்போகிறவருக்கு உண்மையைச் சொல்பவருக்கே இந்த இடம்." அச்சில் போட்ட சொல்லை மாற்றுகிற வழக்கம் அவருக்கு இல்லை. வாசகர்களும் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் வந்தார்கள். கேம் விற்பனைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே, தயாரித்த நிறுவனம் மூவருக்கும் ஆளுக்கொரு பிரதியும், கதை முழுவதையும் விவரிக்கும் ஒரு குறிப்பும் அனுப்பியது. வாரக் கடைசியில், கேம் விற்பனைக்கு வந்த அன்று காலை, மூவரும் அவரவர் விமர்சனத்தோடு அலுவலகத்துக்கு வந்தார்கள்.

யுகேந்திரனுக்கு நல்ல கை. அவன் எழுதியதைப் படித்து அமலோற்பவம் இரண்டு இடங்களில் சிரித்தார். "இறுதிக் காட்சியில் ராணியின் கண்ணீர் கோந்து மாதிரி வழிகிறது. அரசன் அதில் வழுக்கி விழாதது ஒன்றுதான் இந்தக் கேமின் சாகசம்" என்று முடித்திருந்தான்.

டேனியல் சற்குணம் கணினிப் பொறியாளன். அவனுடைய விமர்சனம் நீளம். ஏழு கட்டங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தோலுரித்திருந்தான். "முடிவில் ராணி திரும்பியே பார்ப்பதில்லை. முகம் வரைய நேரமில்லாமல் முதுகைக் காட்டி நிறுத்திவிட்டார்கள்" என்று அதில் ஒரு வரி.

நிலோஃபர் கொடுத்தது ஒரே பக்கம். நான்கு கட்டங்களின் அபத்தத்தை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தாள்: "ஐந்தாம் கட்டத்தில் அகழிப் பாலத்தை இறக்கச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சக்கரம் சுற்றுகிறது, பாலம் இறங்கவில்லை. முப்பத்தொரு முறை சுற்றினேன். கேமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். என் மாமா மகனின் கணினியிலும் ஆடிப் பார்த்தேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது."

அதை எட்டிப் படித்த யுகேந்திரன் சிரித்தான். "முப்பத்தொரு தடவையா? அந்த நேரத்துக்கு நீங்களே கொத்தனார வச்சு ஒரு பாலம் கட்டியிருக்கலாமேங்க."

மாதக் கடைசிக்குள் இந்த வேலை கிடைக்காவிட்டால் நிலோஃபர் வங்கித் தேர்வுப் பயிற்சியில் சேர வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் தன் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அமலோற்பவம் மூவரையும் இருக்கச் சொல்லிவிட்டு, எல்லா வாடிக்கையாளரையும் போல அன்று காலை வந்த கேமை விலைகொடுத்து வாங்கி, மதிய உணவைக்கூட மேசையிலேயே வைத்துக்கொண்டு ஆடினார். ஐந்தாம் கட்டம் வந்தது. சக்கரத்தைச் சுற்றினார். பாலம் அசையவில்லை. பக்கத்தில் நின்ற காவலன் மட்டும், "மழை வரும்போல இருக்கிறது" என்றான்.

அவர் சற்குணத்தின் பக்கம் திரும்பினார். "நீ எப்படிப்பா தாண்டுன?"

"அது சின்ன விஷயம் மேடம். கேமோட ஃபைலத் தெறந்து பாலத்த நானே எறக்கிட்டேன். ஒரு வரிதான் தப்பா இருந்துச்சு."

"இத ஏன் எழுதல?"

"கேமத்தான எழுதச் சொன்னீங்க. நான் ரிப்பேர் பாத்ததெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஏழு கட்டங்களையும் ஆடியிருந்தான். யுகேந்திரன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். நிறுவனம் அனுப்பிய குறிப்பின் கடைசி வரி, "ராணி கண்ணீர் விடுகிறாள்" என்பது.

நிலோஃபர் எழுந்தாள். "விதிப்படி நான் முடிக்கல மேடம். நான் கெளம்புறேன்."

"உக்காரும்மா" என்றார் அமலோற்பவம்.

அவர் முன்னால் இப்போது மூன்று விமர்சனங்கள். ஒன்று வெகு அழகு. ஒன்று முழுமை. ஒன்று பாதியில் நிற்கிறது. அறிவிப்பிலோ, முடிவுவரை ஆடியவருக்கே வேலை என்று இருக்கிறது. சொன்ன சொல்லில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. அப்படியானால், வாசகரே, அந்த நாற்காலி யாருக்கு? யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

*

நிலோஃபருக்கு. யுகேந்திரன் திட்டியது நிறுவனத்தின் குறிப்பை. குறிப்பில் மட்டுமே ராணி அழுகிறாள். சற்குணம் ஆடியது தான் பழுதுபார்த்த வேறொரு கேமை. அந்தக் கேம் அவன் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது, கடையில் கிடைக்காது. அவன் விமர்சனத்தை நம்பி வாங்குகிறவர் அகழிக்கரையில் நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். காசு கொடுத்தவருக்குக் கிடைக்கும் கருங்கோட்டை அந்தப் பாலத்தோடு முடிந்துவிடுகிறது. அதன் முடிவுவரை ஆடி, அதுதான் முடிவு என்று தெரியாமலே எழுதிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அமலோற்பவம் அறிவிப்பில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. நிலோஃபரின் விமர்சனத்தையும் அப்படியே வெளியிட்டார். தலைப்பு மட்டும் அவர் வைத்தது: "முப்பத்தொரு முறை".