ஞானப்பூவின் தூக்குவாளி

சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் அண்டா விளக்குபவள் ஞானப்பூ. ஆட்டுக்கறியைத் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள் என்று அவளைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. சபைச் செயலர் பொன்னுதுரை விடுவாரா? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தினார்.

"முழங்கால் போட்டு மன்னிப்புக் கேளு. இல்லன்னா இனி உனக்கு இராப்போஜன அப்பமும் திராட்சரசமும் கிடையாது."

ஞானப்பூ அசையவில்லை. "வாளியில இருந்தது அடுப்புச் சாம்பல், ஐயா. பாத்திரம் தேய்க்க எடுத்துட்டுப் போனேன். தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா அன்னைக்கே திறந்து காட்டியிருப்பேன்."

"ஊரே சொல்லுதே?"

"ஊர் உங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லுது. தனியாப் போய்க் கேளுன்னு இயேசு சொல்லியிருக்காரேன்னு உங்க வீட்டுக்கு வர இருந்தேன். உங்க வழக்கம் சபையில வச்சுக் கேக்கிறதுன்னா, இப்பவே கேக்கட்டுமா?"

பொன்னுதுரை நெற்றியைத் துடைத்தார். "வேண்டாம். வீட்டுக்கே வா."

"அப்போ என்னையும் அப்படிக் கேட்டிருக்கலாமே, ஐயா."

மன்னிப்புப் பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார். அடுத்த இராப்போஜனத்தில் ஞானப்பூ முதல் வரிசையில் நின்றாள்.

அது முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏட்டி, அவர்கிட்ட எதைக் கேக்கப் போற?"

"அவர்கிட்டயே இன்னும் கேக்கல. உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"