உட்கார்ந்த பொம்மை

சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை. முத்துப்பேச்சி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பார்த்துவிட்டாள்: சேலை பார்க்க வருகிறவர்களுக்கு மெத்தை, சேலை விரிக்கிற பெண்களுக்கு முக்காலிகூடக் கிடையாது. பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவுக்கோ ஏழு மாதம். கால் ரெண்டும் பணியாரமாக வீங்கிக் கிடந்தது.

நேரே முதலாளியிடம் போனாள். “அண்ணாச்சி, வேலை பாக்கவங்க உட்கார இருக்கை போடணும்னு சட்டமே இருக்கு. ஜெசிந்தாக்காவுக்காவது ஒண்ணு போடுங்க.”

கடை நிறைய ஆட்கள். அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. வாசலில் பட்டுடுத்தி நின்ற பொம்மையைக் காட்டினார். “அதுவுந்தான் நாள் பூரா நிக்கி. காலு வலிக்குன்னு சொல்லுச்சா? அதை உட்கார வையி பாப்போம், ஒங்க எல்லாருக்கும் இருக்கை போடுதேன்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“சரி அண்ணாச்சி” என்றாள்.

அவர் சாப்பிட்டுத் திரும்பினால், பொம்மை அவருடைய நாற்காலியிலேயே ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறது. பட்டு மடிப்புக் கலையாமல் தரைவரை வழிகிறது. பெண்கள் சுற்றி நின்று விலை கேட்கிறார்கள். மூலையில், இடுப்போடு கழற்றிய கால்கள் மட்டும் தனியாக நிற்கின்றன.

“ஏட்டி, காலைக் கழட்டிட்டியா?”

“அதுக்குக் கழட்டி மாட்டலாம் அண்ணாச்சி. எங்களுக்கு முடியாதுல்லா?”

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி ஜெசிந்தாவின் கால்களைப் பார்த்தார். பொம்மையை மெல்ல இறக்கிவிட்டு, நாற்காலியைத் தன் கையாலேயே அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“உட்காரு தாயி. மத்தவங்களுக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்திரும்.”