பூட்டுக்குக் கண் உண்டு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று மங்களேஸ்வரிக்குப் பயம். ஒரு வார்த்தை பிசகினால், "குடும்பம்னா அப்படித்தான்" என்று சாமியம்மாவும் திருப்பி அனுப்பிவிடலாம்.

மலையடிவார மடத்தின் நடையில் சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவளைவிட வயதில் சிறியவர்.

"சொல்லும்மா."

"தங்கச்சிக்குப் போன்ல எழுதுறேன் சாமி. அவ எந்த ஊர்ல இருக்கான்னு வீட்டுக்காரருக்குத் தெரியாது. கிளம்பி எங்கிட்ட வந்துடு அக்கான்னு சொல்றா. மெசேஜ் ஆப்புக்குத் தனியா ஒரு பூட்டு ஆப் போட்டிருக்கு. எழுதினதை அப்பவே அழிச்சிடுறேன். ஆனா நான் திறந்தாலே அவருக்குத் தெரிஞ்சிடுது. மில்லுல இருந்தே கூப்பிட்டு, இப்ப யாருக்குடி எழுதினேங்கிறார்."

முந்தானையை விலக்கினாள். தோளிலிருந்து முழங்கைவரை கன்றியிருந்தது.

"புள்ளிகளை இணைச்சு வரையுற பூட்டு. எப்படி மாத்தி வரைஞ்சாலும் கண்டுபிடிச்சிடுறார். யாருக்கும் பிடிபடாத மாதிரி ஒண்ணு சொல்லிக்கொடுங்க சாமி."

சாமியம்மா கீரையைக் கீழே வைத்தார். நடையின் கோடியைக் கைகாட்டினார்.

"அந்தக் கடைசி அறையை யாரும் திறக்கக் கூடாது. இங்க உக்காந்து பாத்துக்க."

மங்களேஸ்வரி உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் சாமியம்மா வந்தார்.

"திறந்தாங்களா?"

"இல்ல சாமி."

"நிச்சயமா?"

"கண்ணை எடுக்கலையே. மடத்துப் பார்வதியக்கா சமையல்கட்டுக்குப் போனாங்க. பூக்கட்டுறவங்க சாமான் அறைக்கு. கண்ணாடி போட்ட பெரியவர் புத்தக அறைக்குள்ள போனவர் இன்னும் வரல."

"நான் கடைசி அறையைத்தானே பாக்கச் சொன்னேன்?"

"நல்லா இருக்கே! யார் எந்தக் கதவைத் தொடுறாங்கன்னு பாத்தாத்தானே, அதைத் தொடுறாங்களான்னு தெரியும்? கண்ணை மூடிக்கிட்டா காவல் காக்க முடியும்?"

"முடியாதுதான். பூட்டு போட்டப்ப உன் போன் ஏதும் கேட்டுச்சா?"

"மத்த ஆப்பெல்லாம் எப்ப திறக்குதுன்னு பாத்துக்கலாமான்னு கேட்டுச்சு. சரின்னு அழுத்தினார்."

"யாரு?"

"அவர்தான். வெளியாளுங்க யாரும் உன் போனைப் பாக்கக் கூடாதுன்னு ஆசையா அவரே போட்டுக்கொடுத்தார்."

"உன்னை இங்க உக்காரவச்சது யாரு?"

"நீங்க."

"பாத்ததையெல்லாம் யார்கிட்ட சொன்னே?"

"உங்ககிட்ட..."

மடியிலிருந்த பையை மெதுவாக இறக்கித் தரையில் வைத்தாள். போன் அதற்குள் இருந்தது.

"இப்பவே அந்தப் பூட்டை எடுத்துடுறேன் சாமி."

"நீ பாதியில எழுந்து போயிருந்தா, எனக்குத் தெரியாம இருந்திருக்குமா?"

சொல்லிவிட்டுச் சாமியம்மா இலை போடப் போய்விட்டார்.

மறுநாள் காலை புருஷன் மில்லுக்குக் கிளம்பினான். மங்களேஸ்வரி உலை வைக்கும் நேரத்துக்கு, தினமும் செய்வதுபோலவே போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, தினமும் பார்க்கும் சீரியலைத் திறந்துவிட்டாள். சார்ஜரைச் செருகினாள். மெசேஜ் ஆப்பைத் தொடவில்லை. பூட்டையும் தொடவில்லை.

சீரியலில் யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

இவள் அடுப்பை மூட்டவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புறவாசல் வழியாக இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.