கயிறு பிடித்தவனும் அங்கேபார்க் குருவியும்

கடல் உப்புக் கரிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளே ஆகியிருந்த அந்தக் காலத்திலே, மீன்கள் கரைக்கு வந்து மனிதரோடு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலே, வெண்சிப்பித்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜ்ஜியம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ராஜா, ஒரு கோட்டை, ஒரு கடற்கரை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடலின் அடியில் கிடந்த முத்துக்கு ஏழு கடல் தாண்டியும் பேர் இருந்தது.

முத்து எப்படி எடுப்பார்கள் தெரியுமா? முத்துக் குளிப்பவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, காலைக் கல்லில் மாட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி தோணியிலிருந்து குதிப்பான். அடியில் கிடக்கும் சிப்பிகளை அள்ளுவான். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே கயிறு பிடித்திருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். தாமதித்தால் வருவது ஆள் அல்ல, உடல்.

அதனால் அந்தத் துறையில் ஒரு வழக்கம். குளிப்பவனின் மனைவியோடு கூடப்பிறந்தவன், அதாவது மச்சான்தான், கயிறு பிடிக்க வேண்டும். கை நழுவினால் தாலியை இழப்பது அவன் தங்கையல்லவா? வேறு எவன் அசந்தாலும் அவன் அசரமாட்டான் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கயிறு பிடிப்பவனுக்கு மூன்றே கட்டளை. கண் தண்ணீரில், கை கயிற்றில், மனசு மச்சானிடத்தில்.

அந்தத் துறையிலேயே கயிறு பிடிப்பதில் கெட்டிக்காரன் சேந்தன். அவன் தங்கை வெள்ளச்சி. அவள் புருஷன் கடம்பன், ஆழக்கடலில் குளிப்பவன். சேந்தன் கயிறு பிடித்தால் கடலே மரியாதையாக நடந்துகொள்ளும் என்று சொல்வார்கள். அந்த வருஷம் பனி இறங்கும் நேரத்தில் சேந்தனின் மகளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பிழைப்பாளோ மாட்டாளோ என்று இருந்தது. சேந்தன் கண்ணைச் சிமிட்டாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, காய்ச்சல் இறங்கியது. பிள்ளை எழுந்து ஓடினாள், பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தினாள். எல்லாம் சரியாகிவிட்டது. சேந்தனுக்குத் தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

இப்போது உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், சேந்தனுக்கு அது தெரியாது. அந்தக் காய்ச்சல் நாட்களில் அவன் பிடரியில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. அங்கேபார்க் குருவி என்று பேர். அதற்கு ஒரு மாயம் உண்டு. உட்கார வைத்திருப்பவனால் அதைப் பார்க்க முடியாது. அவன் வாயைத் திறந்து "எனக்கு என்னவென்று பாருங்கள்" என்று கேட்கும் வரை மற்றவர்களாலும் பார்க்க முடியாது. அது பாட்டுக்கு உட்கார்ந்து காதில் சொல்லிக்கொண்டே இருக்கும், "அங்கே பார், அங்கே பார்!"

முத்துக்குளிக்கும் காலம் தொடங்கியது. சேந்தன் கயிற்றைப் பிடித்தான். கண் தண்ணீரில், கை கயிற்றில், மனசு மச்சானிடத்தில். "அங்கே பார்!" பிள்ளை இருமினாளே, மறுபடி காய்ச்சலோ? "அங்கே பார்!" அடுப்பை அணைத்தோமா? "அங்கே பார், அங்கே பார்!" கடற்காகம் ஒன்று பறந்தது, சேந்தனின் கண் அதோடு போனது. கயிறு சுண்டியது. ஒருதரம், இன்னொருதரம். திடுக்கிட்டு இழுத்தான். கடம்பன் நீலம் பாரித்த உதட்டோடு மேலே வந்து, தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"என்ன மச்சான், பகல்கனவா?" என்று சிரித்தான் கடம்பன்.

"ஒண்ணுமில்ல. கயிறு சிக்கிக்கிச்சு" என்றான் சேந்தன்.

வீட்டுக்குப் போனான். "ஏன் சோறு அப்படியே இருக்கு?" என்று கேட்டாள் மனைவி. "ஒண்ணுமில்ல" என்றான். மறுநாள் வழியில் வெள்ளச்சி பிடித்துக்கொண்டாள். "அண்ணே, கண்ணு ஏன் இப்படிக் குழி விழுந்து கிடக்கு?" என்றாள். அவளுக்கும் அதே "ஒண்ணுமில்ல"தான். யாரிடமாவது சொன்னானா? மூச்! கயிறு பிடிப்பதில் கெட்டிக்காரன் என்ற பேர் இருக்கிறதே, அது வாயை அடைத்துவிட்டது.

தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொண்டான். முதலில் நாக்கடியில் காந்தாரி மிளகாயை வைத்துக்கொண்டு கயிறு பிடித்தான். கண்ணீர் வந்தது, கவனம் வரவில்லை, குருவி கொஞ்சம் கொழுத்தது. அப்புறம் கயிற்றை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். கை வீங்கியது, குருவி இன்னும் கொழுத்தது. கடைசியாகத் தன்னையே திட்ட ஆரம்பித்தான். "சோம்பேறி! தங்கச்சி புருஷன் உயிர்ல உனக்கு அக்கறை இல்லையா?" என்று நெஞ்சில் குத்திக்கொண்டான். அக்கறை இல்லாதவனா சோறு இறங்காமல் கிடப்பான்? அந்தத் திட்டைத்தான் குருவி ஆசை ஆசையாகத் தின்றது. சிட்டு அளவில் வந்தது மைனாவாகி, மைனா கோழியாகிவிட்டது. பிடரியில் கனம் தாங்கவில்லை. கழுத்துச் சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டான் பைத்தியக்காரன்.

அத்தனை நாளும் கடம்பன் பிழைத்தது கடல் பார்த்துப் போட்ட பிச்சை.

இப்படி இருக்கும்போது கோட்டையிலிருந்து முரசு வந்தது. ராஜா மகளுக்குக் கல்யாணமாம். நெற்றிச்சுட்டியில் பதிக்க ஆனைப்பாறைக்கு அடியில் கிடக்கும் முத்துத்தான் வேண்டுமாம். ஆனைப்பாறைதான் அந்தக் கடலிலேயே ஆழமான இடம். கடம்பன் குதிக்க வேண்டும். குதிக்காவிட்டால் துறையைப் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

தோணி புறப்பட்டது. முன்னால் கடம்பன், நடுவில் சேந்தன், கடைசியில் கொற்றி. கொற்றி யார் என்றால், அவள்தான் அந்தத் துறையின் கடல்கட்டி. மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுபவள். தோணியில் ஏற அனுமதி பெற்ற ஒரே பெண். மகா சிடுமூஞ்சி. மந்திரத்துக்குப் பாதி, அவள் மூஞ்சிக்குப் பாதி என்றுதான் சுறாக்கள் ஒதுங்கிப் போயின. ராஜாவின் அதிகாரி கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளச்சி நின்றாள்.

ஆனைப்பாறைக்கு மேலே தண்ணீர் கறுப்பாக இருந்தது. கொற்றி மந்திரத்தை முடித்தாள். கடம்பன் காலைக் கல்லில் மாட்டினான்.

"மச்சான், பிடிச்சீரா?"

"பிடிச்சேன்" என்றான் சேந்தன்.

கண் தண்ணீரில், கை கயிற்றில், மனசு... "அங்கே பார்!" மேகம் ஒன்று பிள்ளை படுத்திருப்பதுபோல் கிடந்தது. மூச்சு வருகிறதா? "அங்கே பார், அங்கே பார்!" சேந்தன் எவ்வளவு நேரம் மேகத்தைப் பார்த்தானோ அவனுக்கே தெரியாது. குனிந்து பார்த்தால் கையில் கயிறு இல்லை. தோணித் தரையில் கிடந்தது. எப்போது விட்டான்? கடம்பன் மூக்கைப் பிடித்துவிட்டான். அவன் தோள்கள் முன்னால் சாய்ந்துவிட்டன.

சொல்ல வேண்டும். சொன்னால் மானம் போகும். ஊர் சிரிக்கும், துறை போகும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, தெரியாது. அவன் சொன்னான்.

"மச்சான், குதிக்காதேயும்!"

கடம்பன் திரும்பினான்.

"என்னால முடியல. எனக்கு மனசு கயித்துல நிக்க மாட்டேங்குது. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, குளிக்க ஆரம்பிச்சதுல இருந்தே இப்படித்தான். நான் அசட்டையா இல்ல மச்சான், சத்தியமா இல்ல. பிடரியில என்னமோ உக்காந்திருக்கு. எனக்கு என்னன்னு யாராவது பாருங்களேன்!"

கேட்டான் அல்லவா? கேட்டதும் மாயம் பாதி உடைந்தது. தோணியில் இருந்தவர்கள் கண்ணுக்கு அது தெரிந்தது. கோழி அளவுக் குருவி, இறகு உப்பி, நகத்தைக் கழுத்தில் ஊன்றிக்கொண்டு, முட்டைக் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது.

கடம்பனின் முகம் வெளுத்துவிட்டது. "இத்தனை நாளும் இதோடயா என்னைக் கீழ இறக்கினீர்?"

"ஆமா மச்சான்."

கடம்பன் காலைக் கல்லிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். அவன் திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று சேந்தனுக்கு இருந்தது.

கொற்றி எழுந்து வந்தாள். சுறாவைப் பார்க்கிற அதே பார்வையோடு குருவியைப் பார்த்தாள். "ஏய், உன்னை யாரு இங்க வச்சது?"

"இவன்தான்!" என்று கீச்சிட்டது குருவி. "பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சப்ப 'என்னைக் கண்ணசர விடாதே, அங்கே பாரு, மூச்சு வருதா பாரு'ன்னு இவன்தான் அழுதான். நானும் பாத்தேன். இன்னிக்கு வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். போதும்னு எவனும் சொல்லலையே!"

சேந்தன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அழு, நல்லா அழு" என்றாள் கொற்றி. அவளுக்கு ஆறுதல் சொல்ல வருவதே அவ்வளவுதான். "பயத்துல வந்து உக்காந்த காவல்காரன் இந்தக் குருவி. திட்டத் திட்டக் கொழுப்பான். தூக்கமும் சோறும் உள்ள போனாத்தான் இளைப்பான். சில பேருக்குப் பிறக்கும்போதே ஒரு குருவி கூட வரும், அவங்க கயிறு பிடிக்கிற விதமே வேற, அதுக்கு வேற வைத்தியம். ஒரு நாள் மனசு அலைஞ்சா தூங்கி எந்திரிச்சாப் போதும்வே. நாள்கணக்கா அலைஞ்சா, கையில இருக்கிறது நழுவினா, அதை வெளிய சொல்லக் கூசினா, அன்னிக்கே என் வாசலுக்கு வந்திருக்கணும். சுறா மூஞ்சியைப் பாத்தே பயப்படாதவன் என் மூஞ்சிக்கா பயந்தே?"

தோணி கரைக்குத் திரும்பியது. நடந்ததைக் கேட்டதும் அதிகாரி ஆத்திரத்தில் குதித்தான். "முத்து எங்கே? கயிறு பிடிக்க ஆள் இல்லையா? அப்படியானால் இன்றோடு இந்தத் துறை உங்களுக்கு இல்லை!"

ஊர் கூடிவிட்டது. கடம்பனுக்கு வேறு மச்சான் கிடையாது. வழக்கத்தை மீறி யார் கயிற்றைத் தொடுவது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துறை போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளச்சி வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தோணியைப் பிடித்தாள்.

"எங்கம்மா போறே?" என்று அதட்டினார் ஊர்த்தலைவர். "மச்சான்தான் கயிறு பிடிக்கணும். பொம்பளை தொடக்கூடாது."

"மச்சான் ஏன் பிடிக்கணும் பெரியப்பா?"

"உன் தாலி பத்திரமா இருக்கணும்னுதான்."

"என் தாலி மேல என்னைவிட யாருக்குப் பெரியப்பா அக்கறை?"

தலைவர் ஒதுங்கி வழிவிட்டார். கொற்றி ஊர் அறிய முதல்முறையாகச் சிரித்தாள். வெள்ளச்சி தோணியில் ஏறி, அண்ணன் அருகில் குனிந்தாள். "கயித்தைக் கொடு அண்ணே. நீ போய்த் தூங்கு. கொஞ்ச நாளைக்கு நான் பாத்துக்கறேன்" என்றாள். சேந்தன் கயிற்றைக் கொடுத்தான். காய்ச்சல் நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் விரல்கள் நிம்மதியாகத் தளர்ந்தன.

கடம்பன் ஆனைப்பாறையில் குதித்தான். வெள்ளச்சியின் கண் தண்ணீரில், கை கயிற்றில், மனசு இருக்க வேண்டிய இடத்தில். கயிறு சுண்டும் முன்பே அவள் தோள் இழுக்கத் தயாராக இருந்தது. கடம்பன் மேலே வந்தான். அவன் கொண்டு வந்த சிப்பியில் புறாமுட்டை போல ஒரு முத்து இருந்தது. ராஜா துறையை அவர்களுக்கே பட்டயம் எழுதிக் கொடுத்தார்.

சேந்தன் அந்த நேரம் கொற்றியின் குடிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். குருவி ஒரே நாளில் போகவில்லை, போய்விட்டது என்று சொன்னால் நான் பொய்யன். தினமும் சாயங்காலம் மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "இங்கே பாரு, பிள்ளை பிழைச்சிட்டா, நீ பாத்தது போதும்" என்று அதனிடம் சொல்லச் சொன்னாள் கொற்றி. அவனும் சொன்னான். கோழி மைனாவாயிற்று, மைனா சிட்டாயிற்று. ஒரு நாள் பிள்ளை கொடுத்த நெல்லைக் கொத்திக்கொண்டு பறந்து போயிற்று. மாயம் முழுக்க உடைந்தது. மறுவருஷம் சேந்தன் மறுபடி கயிறு பிடித்தான், பழைய கெட்டிக்காரனாகவே பிடித்தான்.

அன்றிலிருந்து அந்தத் துறையில் வழக்கம் மாறிவிட்டது. குளிப்பவன் குதிக்குமுன் "பிடிச்சீரா?" என்று மட்டும் கேட்பதில்லை. "பிடரியில ஏதும் உண்டா?" என்றும் கேட்பான். உண்டு என்று சொன்னால் யாரும் சிரிக்கக்கூடாது என்பது ராஜகட்டளை.

ரொம்ப நாள் கழித்து, காற்று ஒரு மாதிரியாக அடித்த ஒரு காலையில், கடம்பன் காலைக் கல்லில் மாட்டிக்கொண்டு வழக்கம்போல் கேட்டான். சேந்தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"இன்னிக்கு உண்டு மச்சான்" என்றான்.

இப்போதெல்லாம் தோணியில் கூட வரும் வெள்ளச்சி பின்னாலிருந்து நகர்ந்து வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். கடம்பன் குதித்தான், சிப்பியோடு மேலே வந்தான். கடலும் கரையும் உள்ளவரை அவர்கள் நன்றாக இருந்தார்கள், நாமும் நன்றாக இருப்போம்.